ஸ்பெர்லோங்கா குகையில் ஒடிசியஸ்

செவ்வாய், ரோம்

ரோமில் இறங்கியதும் கொலோசியம் பக்கம் போகவில்லை. அறையில் பெட்டியைப் போட்டுவிட்டு, பியாட்சா நவோனாவுக்குப் பின்பக்கம் இருக்கும் ஒரு சின்ன முக்குக்கு அக்காவை அழைத்துக்கொண்டு போனேன். அங்கே சுவரோரமாக ஒரு மேடை. மேடைமேல் தேய்ந்துபோன பளிங்கு உடம்பு ஒன்று. கைகள் இல்லை, கால்கள் இல்லை, மூக்கும் போய்விட்டது. ரோமவாசிகள் இதை பாஸ்குவினோ என்று கூப்பிடுகிறார்கள்.

1501-இல் கார்டினல் ஒலிவியேரோ கராஃபா இதை இந்த முக்கில் நிறுத்தினார். பிறகு ஊர்க்காரர்கள் போப்பையும் பிரபுக்களையும் கிண்டலடிக்கும் பாட்டுகளை எழுதி, பெயர் போடாமல் இரவோடு இரவாக இதன்மேல் ஒட்ட ஆரம்பித்தார்கள். இன்றும் ஒட்டுகிறார்கள். நாங்கள் போனபோதும் அரசியல்வாதி யாரையோ திட்டி எழுதிய தாள்கள் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. ஆனால் நான் வந்தது அந்தத் தாள்களுக்காக இல்லை. இந்த உடம்பு யாருடையது என்பதற்காக.

போர்க்களத்தில் செத்துப்போன தோழனைத் தூக்கி நிறுத்தும் வீரன் இவன். கொஞ்சம் பக்கவாட்டில் நின்று பார்த்தால், இவன் மடியோடு ஒட்டியபடி இன்னொரு உடம்பின் மிச்சம் தெரியும். பட்ரோகிளஸின் சடலத்தைத் தூக்கும் மெனலாவுஸ் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அகிலிஸின் சடலத்தை மீட்டுவரும் ஒடிசியஸ் என்று இன்னொரு சாரார். நால்வருமே டிராய் போரில் சண்டையிட்ட கிரேக்க வீரர்கள். இவ்வளவு சிதைந்த பிறகும் முறுக்கிய தோளிலும் திரும்பிய கழுத்திலும் பாரம் தெரிகிறது. சிற்பி பெர்னினி பழங்காலச் சிற்பங்களில் இதற்குத்தான் முதலிடம் கொடுத்தாராம். முதலில் படித்தபோது மிகை என்று நினைத்தேன். எதிரே நின்று பார்த்தபோது அப்படித் தோன்றவில்லை.

இதே கோலத்தில் செதுக்கிய இன்னொரு சிலையின் துண்டுகள் ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் நடுவில், கடற்கரை ஊரான ஸ்பெர்லோங்காவில் இருக்கின்றன. அங்கே போவதற்குத்தான் இந்தப் பயணமே. அதற்கு முன் வத்திக்கானில் ஒருவரைப் பார்த்தாக வேண்டும்.

புதன், வத்திக்கான்

காலை எட்டு மணிக்கே வரிசை மதிலைச் சுற்றி வளைந்துவிட்டது. உள்ளே போனவர்கள் எல்லோரும் சிஸ்டைன் தேவாலயத்தை நோக்கியே நகர்ந்தார்கள். நாங்கள் எண்கோண முற்றத்தில் ஒதுங்கினோம். லாவோகூன் அங்கேதான் இருக்கிறார்.

டிராய் நகரத்துப் பூசாரி அவர். கிரேக்கர்கள் விட்டுச்சென்ற மரக்குதிரையை உள்ளே இழுக்காதீர்கள் என்று தடுத்தவர். கடலிலிருந்து வந்த பாம்புகள் அவரையும் இரண்டு பிள்ளைகளையும் சுற்றி நெரித்தன. 1506 ஜனவரியில் ரோமில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் தோண்டும்போது இந்தச் சிலை வெளிப்பட்டது. போப் இரண்டாம் ஜூலியஸ் ஆளனுப்ப, கட்டடக் கலைஞர் ஜூலியானோ ட சாங்கல்லோ போய்ப் பார்த்தார். மைக்கேலாஞ்சலோவும் கூடப் போனார். பார்த்த மாத்திரத்தில் "பிளினி எழுதிய லாவோகூன் இதுதான்" என்று சாங்கல்லோ சொல்லிவிட்டார். ரோம அறிஞர் பிளினி, தம் காலத்தில் ரோமப் பேரரசர் டைட்டஸின் மாளிகையில் இருந்த இந்தச் சிலையைப் பற்றி எழுதி, செய்தவர்களின் பெயரையும் குறித்திருந்தார்: ரோட்ஸ் தீவின் ஹகேசாண்டர், பாலிடோரஸ், அதெனோடோரஸ்.

இந்த மூன்று பெயர்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வேண்டியிருக்கும்.

அக்கா மருத்துவமனையில் செவிலியராக இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள். சிலையைச் சுற்றி வந்தவள் லாவோகூனின் வயிற்றைக் காட்டினாள். "மூச்ச இழுத்துட்டு விட முடியாம நிக்கிறார் பாருடா. விலா எலும்பு எப்படித் தூக்கி நிக்குது!" நான் அதுவரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்ன பிறகு வயிற்றை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

வலது கையையும் கவனித்துப் பார்க்க வேண்டும். கிடைத்தபோது அந்தக் கை இல்லை. நீட்டிய கையாகச் செய்து ஒட்டினார்கள், நூற்றாண்டுகள் அப்படியே இருந்தது. 1900-களின் தொடக்கத்தில் லுட்விக் பொல்லாக் என்ற அறிஞர் ரோமில் ஒரு கல்தச்சர் பட்டறையில் மடங்கிய கை ஒன்றைக் கண்டெடுத்துக் கொடுத்தார். அது லாவோகூனின் கைதான் என்று உறுதியாகி, 1957 முதல் 1960 வரை நடந்த சீரமைப்பில் சேர்த்தார்கள். அதைப் பார்க்க பொல்லாக் இல்லை. யூதரான அவரை 1943 அக்டோபரில் நாஜிகள் ரோமிலிருந்து பிடித்து ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். அவர் திரும்பவில்லை. இதைச் சொல்லும் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்த மரக்குதிரை யாருடைய யோசனை? ஒடிசியஸுடையது. இந்தப் பூசாரியின் சாவுக்கு ஒரு வகையில் அவன்தான் காரணம். நாளை அவனைப் பார்க்கப் போகிறோம்.

வியாழன், ஸ்பெர்லோங்கா

ரோமின் டெர்மினி நிலையத்திலிருந்து நேப்பிள்ஸ் பக்கம் போகும் சாதாரண ரயில். ஒரு காலத்தில் சதுப்பாகக் கிடந்து, முசோலினி காலத்தில் வடித்து வயலாக்கிய சமவெளி வழியாகப் போகிறது. ஃபோந்தி-ஸ்பெர்லோங்கா நிலையத்தில் இறங்கிப் பஸ் பிடித்தோம். பஸ் ஒரு வளைவில் திரும்பியதும் பாறைமேல் வெள்ளையடித்த ஊர். கீழே கடல்.

ஊருக்குத் தெற்கே, ஃப்ளாக்கா சாலையோரத்தில் அருங்காட்சியகம். இந்தச் சாலை போட்டபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. 1957 செப்டம்பர். சாலை வேலையைப் பார்த்த பொறியாளர் எர்னோ பெல்லாந்தே பக்கத்துக் கடற்குகையைத் தோண்டிப் பார்க்க, பளிங்குத் துண்டுகள் வர ஆரம்பித்தன. கை, கால், தலை, நாயின் வாய், பாம்புபோல் முறுக்கிய வால். ஆயிரக்கணக்கில் வந்தன. முழுச்சிலை என்று சொல்லும்படி அதிகம் மிஞ்சவில்லை. முன்பு எப்போதோ அடித்து நொறுக்கிக் குகைக்குள் இருக்கும் குளத்தில் தள்ளியிருக்கிறார்கள்.

துண்டுகளில் ஒன்றில் கிரேக்க எழுத்துகள் இருந்தன: ஹகேசாண்டரின் மகன் அதெனோடோரஸ், பயோனியஸின் மகன் ஹகேசாண்டர், பாலிடோரஸின் மகன் பாலிடோரஸ், ரோட்ஸ்காரர்கள், செய்தார்கள். பிளினி சொன்ன அதே மூன்று பெயர்கள். தொல்லியல் அதிகாரி ஜூலியோ யாக்கோபி, பெயரையும் பாம்பு வாலையும் சேர்த்துப் பார்த்து, மூல லாவோகூனே கிடைத்துவிட்டது என்று நினைத்தார். அந்த வால் பாம்பினுடையது இல்லை. கடலரக்கி ஸ்கில்லாவினுடையது. குகை முழுக்க இருந்தது ஒடிசியஸின் கதை.

இரண்டு இடத்துக் கலைஞர்களும் ஒரே ஆட்கள்தானா, தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் குடும்பத்தில் தலைமுறை தள்ளி வந்தவர்களா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எந்த ஆண்டில் செய்தது, பழைய வெண்கலச் சிலைகளைப் பார்த்துச் செய்ததா என்பதிலும் சண்டைதான். பட்டறை மரபு ஒன்று என்பது என் கண்ணுக்கே தெரிகிறது. நேற்றுப் பார்த்த அந்த ஏறிய விலா எலும்பு இங்கேயும் இருக்கிறது.

ஒடிசியஸின் தலை மட்டும் தனியாக நிற்கிறது. அதன் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன்.

தலையில் கூம்பு வடிவக் குல்லாய். மாலுமிகளும் கூலிக்காரர்களும் போடுவது. ஒடிசியஸை அடையாளம் காட்டுவதே அதுதான். குல்லாய்க்கு வெளியே முடி சுருள் சுருளாகத் தெறித்து நிற்கிறது. தாடியில் துளைக்கருவியால் ஆழமாகக் குடைந்திருக்கிறார்கள். சுருளுக்குச் சுருள் நடுவே நிழல் கறுப்பாக விழுகிறது. புருவம் மேலேறி நடுவில் நெரிந்திருக்கிறது. கண் விரிந்திருக்கிறது. வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது, மூச்சு வாங்குவதுபோல. வெற்றி பெற்றவனின் முகம் இல்லை இது. இன்னும் ஒரு நொடியில் என்ன நடக்கும் என்று தெரியாமல், ஆனாலும் கையை எடுக்காமல் இருப்பவனின் முகம். கிரேக்க வீரர்களின் பளிங்கு முகங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அழகாக இருக்கும், எதையும் யோசிக்காது. இந்த முகம் யோசிக்கிறது.

என்ன செய்துகொண்டிருக்கிறான் என்பது பக்கத்தில் போனால் தெரியும். துண்டுகளை வைத்துக்கொண்டு முழுக்காட்சியைச் சுண்ணச்சாந்தில் மீட்டு நிறுத்தியிருக்கிறார்கள். ஜெர்மன் அறிஞர் பெர்னார்ட் ஆண்ட்ரேயே இதற்காக நெடுங்காலம் உழைத்தார். சிசிலியின் கத்தானியாவில் இருக்கும் ஒரு சவப்பேழைச் சிற்பத்தில் இதே காட்சி சின்னதாக இருந்தது அவருக்குத் துப்பாக அமைந்தது. ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸ் குடித்துவிட்டுப் பாறைமேல் மல்லாந்து கிடக்கிறான். இரண்டு பேர் கீழிருந்து கழுமரத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். அரக்கனின் தலைமாட்டில் ஒடிசியஸ், கழுவின் கூர்முனையைக் கண்ணுக்கு நேராகத் திருப்பிக்கொண்டிருக்கிறான்.

கிரேக்கக் கவி ஹோமர் சொன்னதும் இதுதான். அவருடைய ஒடிசி காவியத்தின் ஒன்பதாம் காண்டத்தில், தோழர்கள் ஆலிவ் மரக் கழுவைக் கண்ணில் செருக, தான் மேலிருந்து அழுத்திச் சுழற்றியதாக ஒடிசியஸ் சொல்கிறான், கப்பல் தச்சன் மரத்தில் துளை போடுவதைப்போல. சிற்பிகள் கவிதையை நன்றாகத் தெரிந்துகொண்டு செய்திருக்கிறார்கள். முரட்டு பலம் கீழே இரண்டு பேரிடம். குறி பார்ப்பது மேலே ஒருவனிடம்.

நான்காவது ஆள் ஒருவன் இருக்கிறான். மதுத்தோல் பையைச் சுமப்பவன், அரக்கனுக்கு மது ஊற்றிக் கொடுத்தது அந்தப் பையிலிருந்துதான். இவனுடைய மூலச் சிலை நிறையவே மிஞ்சியிருக்கிறது. உடம்பு ஓடப் பார்க்கிறது, தலை மட்டும் திரும்பிப் பார்க்கிறது. அக்காவுக்கு இவனைத்தான் பிடித்திருந்தது. "எல்லாரும் தைரியசாலியா இருக்க முடியுமா? வந்து நின்னானே, அது போதாதா?" என்றாள்.

அடுத்து ஸ்கில்லா. இடுப்புக்கு மேல் பெண், கீழே மீன் வால், நடுவில் நாய்கள். நாய்கள் மாலுமிகளைக் கவ்விப் பிடித்திருக்கின்றன. ஒருவனின் தொடையில் பல் பதிந்திருக்கும் இடத்தில் சதை பிதுங்குவதைக்கூடச் செதுக்கியிருக்கிறார்கள். எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது ஒரு கை. கப்பல் ஓட்டியின் தலையைப் பற்றியிருக்கும் ஸ்கில்லாவின் கை. மனிதத் தலையே அடங்கிப்போகும் அளவுக்குப் பெரியது. விரல்கள் முடிக்குள் புதைந்திருக்கின்றன. அந்த அரக்கியின் முகம் கிடைக்கவில்லை, தேவையும் இல்லை. தன் கண்ணால் கண்டதிலேயே பரிதாபமான காட்சி இதுதான் என்று ஒடிசியஸ் சொல்வதாக ஹோமர் பாடியிருக்கிறார். ஆறு பேரை அன்று பறிகொடுத்தான்.

பாஸ்குவினோ கோலத்தின் துண்டுகள் ஒரு பக்கம். செத்தவனின் கால்கள் நன்றாக மிஞ்சியிருக்கின்றன. அக்கா அங்கே குனிந்து பாதத்தையே பார்த்தாள். "உயிர் போன கால் இப்படித்தான்டா தொங்கும். செஞ்சவங்க பக்கத்துல இருந்து பாத்திருக்காங்க." அதற்கு மேல் அவள் பேசவில்லை. ரோமில் முக்கில் நிற்கும் அந்தத் தேய்ந்த உடம்புக்கு இல்லாமல் போனது இங்கே இருக்கிறது.

டிராயிலிருந்து அதீனா தேவியின் காவல் சிலையைத் திருடும் காட்சியும் உண்டு. அதில் எஞ்சியது கொஞ்சம்தான்: பழைய பாணியில் செய்த சின்னத் தெய்வச் சிலை, அதை இறுகப் பிடித்த ஒரு கை.

அருங்காட்சியகத்துக்குப் பின்னாலிருந்து பழைய ரோம மாளிகையின் இடிபாடுகள் வழியாகக் குகைக்குப் பாதை இறங்குகிறது. மாலை நேரம் நெருங்கிவிட்டதால் வேகமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். நாளைக் காலை மறுபடியும் வரப்போகிறோம்.

வெள்ளி, ஸ்பெர்லோங்கா

திறந்தவுடன் உள்ளே போனோம். குகையில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

கடலைப் பார்த்து வாய் திறந்த பெரிய குகை. உள்ளே வட்டக் குளம். அதற்கு முன்னால், வெளியே, செவ்வகக் குளம். இரண்டிலும் இன்றும் தண்ணீர் நிற்கிறது, மீன்கள் திரிகின்றன. செவ்வகக் குளத்தின் நடுவில் தீவுபோல ஒரு மேடை. விருந்து அந்த மேடையில் நடந்தது. விருந்தாளிகள் மஞ்சத்தில் சாய்ந்து குகையைப் பார்த்தபடி சாப்பிடுவார்கள். எதிரே வட்டக் குளத்தின் நடுவில், தண்ணீருக்குள்ளிருந்து எழும்பியதுபோல ஸ்கில்லாவும் கப்பலும். குகையின் பின்கோடியில், தனியான ஓர் உள்குகையில் பாலிஃபீமஸ். முன்னால் இரு ஓரங்களிலும் அகிலிஸின் உடலும் காவல் சிலைத் திருட்டும். மேலே, குகை வாய்க்கு உச்சியில், கழுகு தூக்கிப்போகும் டிராய் இளவரசன் கானிமீட், வண்ணப் பளிங்கில்.

பாலிஃபீமஸின் வீடு குகை. ஸ்கில்லாவின் வீடும் கடற்பாறைக் குகை. சிற்பிகள் கல்லைச் செதுக்கினார்கள், மீதியை இந்த இடமே கொடுத்தது. விளக்கு வெளிச்சத்தில், அலைச் சத்தத்தில், தண்ணீரில் நிழலாடியபடி அந்த உருவங்கள் எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது.

குகை வாயிலில் நின்று வடமேற்கே பார்த்தால் கடலுக்குள் ஒரு மலை தெரிகிறது. மோன்தே சிர்ச்செயோ. மாலுமிகளைப் பன்றிகளாக்கிய சூனியக்காரி சர்சி அங்கே இருந்தாள் என்று பழங்காலத்தவர் நம்பினார்கள். இந்தப் பக்கம் காயெத்தா, டிராய் வீரன் ஈனியஸின் செவிலித்தாய் பெயர் கொண்ட ஊர். கதை நடந்ததாகச் சொன்ன கடலைப் பார்த்தபடியே கதையைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

இங்கே விருந்துண்டவர் பேரரசர் திபேரியஸ். (நம்மூர்க்காரர்களுக்கு அந்நியர் இல்லை. கோவை, கரூர் பக்கம் புதையலாகக் கிடைக்கும் ரோம வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸ் முகமும் இவர் முகமும்தான் அதிகம்.) கி.பி. 26-இல் கடலுக்கும் ஃபோந்தி மலைக்கும் நடுவே ஸ்பெலுங்கா என்ற மாளிகையில், இயற்கையான குகைக்குள் விருந்து நடந்தபோது வாயிலில் பாறைகள் சரிந்து பணியாளர் சிலர் நசுங்கிப்போனதாக ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். எல்லோரும் ஓட, காவல்படைத் தலைவன் செஜானஸ் மட்டும் திபேரியஸ்மேல் கவிழ்ந்து தன் உடம்பால் மறைத்துக் காத்தான். அதன்பிறகு அவன் சொன்னதெல்லாம் வேதவாக்கு. ஐந்தே வருஷத்தில், கி.பி. 31-இல், அதே திபேரியஸ் அவனைக் கொல்ல வைத்தார்.

திபேரியஸ் பேரரசராகும் முன் ரோட்ஸ் தீவில் வருடக்கணக்கில் இருந்தவர். ரோட்ஸ் சிற்பிகளின் வேலை இங்கே வந்ததற்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம். புராணக் கதைகளில் தீராத பைத்தியம் உண்டு அவருக்கு. பெண்கள் நடுவே ஒளிந்திருந்தபோது அகிலிஸுக்கு என்ன பெயர்? பாடி மாலுமிகளை மயக்கும் சைரன்கள் என்ன பாட்டுப் பாடினார்கள்? இப்படியெல்லாம் கேட்டுப் புலவர்களைத் திணறடிப்பார் என்று இன்னொரு ரோம எழுத்தாளர் சூட்டோனியஸ் எழுதுகிறார். அந்த மேடையைப் பார்த்துக்கொண்டே இதை நினைத்தேன். பதில் தெரியாத புலவருக்கு அன்று சாப்பாடு இறங்கியிருக்காது.

இனி ஊர்க்காரர்களைப் பற்றி. 1957-இல் துண்டுகளை ரோமுக்கு எடுத்துப்போக ஏற்பாடானது. பழுது பார்க்க வசதி அங்கேதான் இருக்கிறது என்று காரணமும் சொன்னார்கள். மீனும் விவசாயமும் தவிர வேறு வருமானமில்லாத ஊர் அன்றைக்கு. மக்கள் திரண்டு சாலையை மறித்தார்கள். வண்டியைப் போகவிடவில்லை. கடைசியில் அரசு இறங்கிவந்தது. சிலைகளுக்காக இந்த இடத்திலேயே அருங்காட்சியகம் கட்டி, 1963-இல் திறந்தார்கள்.

மதியம் ஊருக்குள் படியேறி, ஒரு சின்னக் கடையில் தியெல்லா சாப்பிட்டோம். ஆக்டோபஸ் அடைத்த, மூடிய ரொட்டி மாதிரி, காயெத்தா பக்கத்துப் பண்டம். கடைக்காரப் பெரியவரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியில் குகையைப் பற்றிக் கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, மறித்த சாலை எது என்று காட்டினார். அப்போது சின்னப் பையனாம். அம்மா இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு போனாராம். "ரோமில் எவ்வளவோ இருக்கிறது. எங்களுக்கு இது ஒன்றுதான்" என்றார். அக்காவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் அவரைப் பார்த்துக் கைகூப்பினாள், அவரும் திருப்பிக் கைகூப்பினார்.

லாவோகூனை நெப்போலியன் பாரிஸுக்குக் கொண்டுபோனான், அவன் வீழ்ந்த பிறகுதான் திரும்பி வந்தது. இருக்கும் இடத்திலும் அது கிடைத்த தோட்டத்தின் சுவடே இல்லை. அதில் வல்லமை குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒடிசியஸின் அந்த முகத்தைக் குகையிலிருந்து பிரித்திருந்தால், ரோமில் ஏதோ ஒரு கூடத்தில் நல்ல தலை ஒன்று என்று குறித்துக்கொண்டு நான் நகர்ந்திருப்பேன். அது எதைப் பார்த்து விழிக்கிறது என்பது இங்கே வந்தால்தான் புரிகிறது.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் குகைக்கு இறங்காதீர்கள், வெறும் பாறையும் தண்ணீரும்தான் தெரியும். முகங்களைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். பிறகு மேலே வந்து இன்னொரு தடவை முகங்களைப் பாருங்கள். கோடையில் கடற்கரைக் கூட்டம் பஸ்ஸில் நிற்க இடம் விடாது. அக்டோபர் நல்லது.

நாளை நேப்பிள்ஸ். ரோமில் கராகல்லா குளியல் மண்டபத்தில் கிடைத்து, ஃபார்னேசே மாளிகை முற்றத்தில் நின்று, 1787-இல் நேப்பிள்ஸுக்குப் போன ஹெர்குலிஸ் சிலையைப் பார்க்க வேண்டும். மூன்று மீட்டருக்கு மேல் உயரமாம். அக்கா இப்போதே முழங்காலைத்தான் முதலில் பார்ப்பேன் என்கிறாள்.